இணையத்தைப் படித்துத் தகவல் சேர்க்கும் இயந்திரம்: எந்த வழியைத் தேர்வது?

மனிதர்கள் இணையத்தில் எழுதிக் குவித்திருப்பதைக் கணினியே படித்து, அதிலுள்ள தகவல்களைத் தானாகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது பழைய ஆசை. இன்று இந்த வேலையைக் கையில் எடுப்பவருக்கு வழி தெரியாத குறை இல்லை, வழிகள் மிகுந்துபோன குழப்பம்தான் இருக்கிறது. சொற்றொடர் அமைப்புகளை எழுதிக் கொடுத்துத் தேட விடலாம். நாலைந்து எடுத்துக்காட்டுகளைக் கொடுத்து மீதியை நீயே கண்டுபிடி என்று விட்டுவிடலாம். ஏற்கெனவே உள்ள ஒரு தகவல் களஞ்சியத்தைப் பாடநூலாக்கிப் பயிற்சி தரலாம். எல்லாப் பக்கங்களையும் ஒரு பெருமொழி மாதிரிக்கு (சாட்ஜிபிடி போன்றவற்றின் உள்ளே இயங்கும், ஏராளமான எழுத்தைப் படித்துப் பயின்ற நிரல்) ஊட்டிவிட்டு, பிறகு அதனிடமே கேட்டுக்கொள்ளலாம். கேள்வி வரும்போது மட்டும் பக்கங்களைத் தேடிப் படிக்கச் சொல்லலாம்.

இவற்றை ஒப்பிடுபவர்கள் வழக்கமாக இரண்டு எண்களைப் பார்க்கிறார்கள். எத்தனை தகவல்கள் கிடைத்தன, அவற்றில் எத்தனை சதவீதம் சரி. இரண்டும் தேவைதான். ஆனால் தேர்வைத் தீர்மானிக்க வேண்டிய கேள்வி வேறு என்பது என் கருத்து. ஒரு பொய் உள்ளே புகுந்துவிட்டால் அது எந்தப் பக்கத்தின் எந்த வாக்கியத்திலிருந்து வந்தது என்று காட்ட முடியுமா? அதை நம்பி இயந்திரம் வேறு எதையெல்லாம் முடிவு செய்தது என்று சொல்ல முடியுமா? அதையும் அதன் வாரிசுகளையும் மட்டும் பிடுங்கி எடுக்க முடியுமா? இணையத்தைப் படிக்கும் எந்த இயந்திரமும் பொய்யையும் படிக்கத்தான் போகிறது. ஆகவே கீழே வரும் ஒவ்வொரு வழியையும் இந்த அளவுகோலால்தான் அளக்கிறேன்.

படிக்கத்தான் வேண்டுமா?

நாடுகளின் தலைநகரங்கள், தனிமங்களின் அணு எண்கள், நோபல் பரிசு பெற்றவர்களின் பிறந்த நாள்கள் போன்றவைதான் தேவை என்றால், இயந்திரத்துக்கு வாசிக்கக் கற்றுக்கொடுப்பது வீண் உழைப்பு. விக்கிப்பீடியாவின் சகோதரத் திட்டமாக 2012இல் தொடங்கப்பட்ட, தகவல்களைக் கட்டம் போட்டுச் சேமிக்கும் விக்கித்தரவில் இன்று பத்துக் கோடிக்கும் மேற்பட்ட உருப்படிகள் இருக்கின்றன. யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், அனுமதி கேட்க வேண்டியதில்லை. விக்கிப்பீடியாவின் தகவல் பெட்டிகளிலிருந்து எடுக்கப்பட்ட டிபிபீடியாவும், விக்கிப்பீடியாவின் பகுப்புகளைக் கொண்டு கட்டப்பட்ட யாகோவும் 2007ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டன. யாகோவிலிருந்து சில தகவல்களை எடுத்து மனிதர்கள் சரிபார்த்தபோது துல்லியம் 95 சதவீத அளவில் இருந்தது. சுதந்திரமாக எழுதப்பட்ட உரைநடையைப் படிக்கும் எந்த முறைக்கும் இந்த எண் எளிதில் எட்டாது. காரணம் எளியது: அங்கே இயந்திரம் வாக்கியங்களைப் படிக்கவில்லை, மனிதர்கள் ஏற்கெனவே கட்டம் போட்டு வைத்ததை அள்ளியது.

கட்டம் போடப்படாத தகவல்தான் தேவை என்றால் அடுத்த யோசனை, ஆள் வைத்துக் கையால் எழுதிவிடுவது. செயற்கை நுண்ணறிவு ஆய்வாளர் டக்ளஸ் லெனட் 1984இல் தொடங்கிய சைக் திட்டம் அதைத்தான் செய்தது. பொது அறிவு முழுவதையும் தர்க்க வாக்கியங்களாக மனிதர்களே எழுதி உள்ளிடுவது. இதைக் கேலி செய்வது சுலபம், பலர் செய்தும் இருக்கிறார்கள். ஆனால் சைக் தொட்ட ஒரு சிக்கலை வாசிக்கும் இயந்திரங்கள் இன்றுவரை முழுதாகத் தாண்டவில்லை. எல்லாருக்கும் தெரிந்ததை யாரும் எழுதுவதில்லை. எழுத்தில் கொலை வரும் அளவுக்கு மூச்சு விடுதல் வருவதில்லை. எண்ணிக்கையை மட்டும் நம்பும் இயந்திரம், மனிதர்கள் சுவாசிப்பதைவிட அதிகமாகக் கொல்கிறார்கள் என்று முடிவு கட்டிவிடும். உங்களுக்கு வேண்டியது இந்த வகைப் பொது அறிவு என்றால், கீழே வரும் எந்த வழியும் தனியாக உதவாது.

சொற்றொடர் அமைப்புகளும் விதைகளும்

1992இல் கணினி ஆய்வாளர் மார்ட்டி ஹர்ஸ்ட் காட்டிய வழிதான் இந்தத் துறையின் அரிச்சுவடி. அவர் ஆங்கிலத்துக்குச் செய்ததைத் தமிழில் செய்வதானால் இப்படி இருக்கும்: "செம்பு, ஈயம், துத்தநாகம் போன்ற உலோகங்கள்" என்று ஒரு வாக்கியம் வந்தால், 'போன்ற' என்பதற்கு முன்னால் வரிசையாக நிற்பவை எல்லாம் பின்னால் வரும் வகையைச் சேர்ந்தவை. இயந்திரத்துக்கு உலோகம் என்றால் என்னவென்று தெரிய வேண்டியதே இல்லை.

தவறைக் கண்டுபிடிக்கும் வசதியில் இதை மிஞ்ச எதுவும் கிடையாது. ஒவ்வொரு தகவலுக்கும் பின்னால் ஒரு விதியும் ஒரு வாக்கியமும் இருக்கின்றன. விதி தவறு என்றால் அதை நீக்கினால் போதும், அது கொண்டுவந்த எல்லாம் கூடவே போய்விடும். குறை, பரப்பு மிகக் குறைவு என்பது. அதுவும் தமிழ் போன்று விகுதிகளால் வேலை நடக்கும் மொழியில் குறை இன்னும் பெரிது. "மோட்சார்ட் சால்ஸ்பர்க்கில் பிறந்தார்", "சால்ஸ்பர்க்கில் பிறந்த மோட்சார்ட்", "மோட்சார்ட்டின் பிறப்பிடமான சால்ஸ்பர்க்" ஆகிய மூன்றும் ஒரே செய்தி. ஆனால் சொல்வரிசையை நம்பி எழுதிய விதிக்கு இவை மூன்று வெவ்வேறு வாக்கியங்கள். சொற்களைப் பகுதி, விகுதி என்று பிரித்துக் கொடுக்கும் கருவி ஒன்று முன்னால் நிற்காவிட்டால், தமிழில் இந்த வழியில் இறங்கவே வேண்டாம்.

விதிகளை எழுதும் சலிப்பிலிருந்து பிறந்தது விதை முறை. கூகுள் தொடங்கப்பட்ட அதே 1998இல் அதன் நிறுவனர்களில் ஒருவரான செர்கே பிரின் இதை அழகாகச் செய்துகாட்டினார். ஐந்தே புத்தகங்களின் தலைப்பையும் ஆசிரியர் பெயரையும் கொடுத்தார். அந்த இணைகள் இணையத்தில் எந்தெந்த அமைப்பில் சேர்ந்து வருகின்றன என்று இயந்திரம் பார்த்தது. அந்த அமைப்புகளைக் கொண்டு புதிய இணைகளைப் பிடித்தது. புதியவற்றைக் கொண்டு இன்னும் அமைப்புகளைக் கற்றது. முடிவில் 15,000க்கும் மேற்பட்ட புத்தகங்களின் பட்டியல் கையில் இருந்தது.

ஆபத்து இந்தச் சுழற்சிக்குள்ளேயே இருக்கிறது. ஒரு சுற்றில் ஒரு தவறான இணை உள்ளே வந்தால் அது ஒரு தவறான அமைப்பைக் கற்றுக்கொடுக்கும், அந்த அமைப்பு நூறு தவறான இணைகளைக் கொண்டுவரும். நகரங்களைச் சேகரிக்கத் தொடங்கிய இயந்திரம் சில சுற்றுகளில் நாடுகளையும் ஆறுகளையும் ஓட்டல் பெயர்களையும் நகரம் என்று சொல்லிக்கொண்டிருக்கும்.

ஓயாமல் படித்த ஒரு திட்டம்

இந்த நழுவலைத் தடுக்க எடுக்கப்பட்ட முயற்சிகளில் நான் அதிகம் மதிப்பது, கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் டாம் மிட்செல் குழு 2010 ஜனவரியில் ஓடவிட்ட 'நெல்' திட்டம். முடிவில்லாமல் மொழியைக் கற்கும் இயந்திரம் என்பது அதன் முழுப்பெயரின் கருத்து. இரவு பகலாக ஓட வேண்டும், நேற்றைவிட இன்று நன்றாகப் படிக்க வேண்டும் என்பது இலக்கு. நகரம், நிறுவனம், விளையாட்டு அணி என நூற்றுக்கும் மேற்பட்ட வகைகளும், இந்த வீரர் இந்த அணிக்கு ஆடுகிறார் என்பது போன்ற ஐம்பதுக்கும் மேற்பட்ட உறவுகளும் அதற்குத் தரப்பட்டன. ஒவ்வொன்றுக்கும் பத்துப் பதினைந்து எடுத்துக்காட்டுகள். படிக்க ஐம்பது கோடி இணையப் பக்கங்கள்.

அதன் வடிவமைப்பில் இரண்டு விஷயங்கள் இன்றைக்கும் எடுத்துக்கொள்ளத் தக்கவை. ஒன்று, ஒரே வாசகருக்குப் பதில் பல வாசகர்கள். ஒரு பகுதி வாக்கிய அமைப்புகளைப் பார்க்கும். இன்னொன்று பக்கங்களில் உள்ள பட்டியல்களையும் அட்டவணைகளையும் பார்க்கும். மற்றொன்று சொல்லின் எழுத்து வடிவத்தையே பார்க்கும். நான்காவது, ஏற்கெனவே சேர்ந்த தகவல்களிலிருந்து விதிகளை ஊகிக்கும். இரண்டாவது, இவர்களுக்கு இடையே கட்டுப்பாடு. ஒரு பெயர் நகரமாகவும் மனிதராகவும் ஒரே நேரத்தில் இருக்க முடியாது. அணிக்கு ஆடுபவர் மனிதராகத்தான் இருக்க வேண்டும். ஒருவர் நழுவினால் மற்றவர் பிடித்துக்கொள்வார் என்பது எதிர்பார்ப்பு.

முதல் 67 நாள்களில் அது 2,42,000க்கும் மேற்பட்ட தகவல்களை நம்பத் தொடங்கியது. ஒட்டுமொத்தத் துல்லியம் 74 சதவீதம் என்று மதிப்பிடப்பட்டது. இந்த ஒற்றை எண்ணைப் பார்த்து முடிவெடுப்பவர்கள் ஏமாந்துபோவார்கள். ஓட்டத்தை மூன்றாகப் பிரித்துப் பார்த்தால் முதல் பங்கில் சேர்ந்தவற்றில் 90 சதவீதம் சரி, இரண்டாவதில் 71, மூன்றாவதில் 57. அவ்வளவு கட்டுப்பாடு இருந்தும் சரிவு நிற்கவில்லை, தாமதப்பட்டது, அவ்வளவுதான்.

குக்கீ கதை இந்தத் துறையில் புகழ்பெற்றது. இணைய உலாவியில் சேமிக்கப்படும் குக்கீயை, பிஸ்கட்டுக்கும் ஆங்கிலத்தில் அதே பெயர் என்பதால், நெல் அடுமனைப் பண்டங்களின் வகையில் சேர்த்துவிட்டது. "என் குக்கீகளை அழித்துவிட்டேன்" என்ற வாக்கியத்தைப் படித்தது. அடுத்து "என் கோப்புகளை அழித்துவிட்டேன்" என்று வந்தது. ஆகவே கோப்புகளும் அடுமனையிலிருந்து வருபவைதான் என்று முடிவு செய்தது. மனிதர்கள் தலையிட்டுத் திருத்த வேண்டியதாயிற்று. பிறகு அவ்வப்போது ஆள் வைத்துப் பார்வையிடுவது வழக்கமானது.

என் அளவுகோலில் நெல் பாதி தேறுகிறது. ஒவ்வொரு நம்பிக்கையையும் எந்தப் பகுதி சொன்னது, எவ்வளவு உறுதியாகச் சொன்னது என்ற பதிவு அதனிடம் உண்டு. ஆனால் தொடக்கக் கால வடிவமைப்பில் ஒருமுறை ஏற்றுக்கொண்ட நம்பிக்கை பிறகு கீழே இறக்கப்படுவதில்லை. குக்கீயை நீக்கினால் போதாது, குக்கீ கற்றுக்கொடுத்த சொற்றொடர் அமைப்பையும் அது கொண்டுவந்தவற்றையும் நீக்கியாக வேண்டும். சுழற்சி முறையைத் தேர்வதானால், எது எதிலிருந்து பிறந்தது என்ற வம்சாவளியை முதல் நாளிலிருந்தே எழுதி வைக்க வேண்டும். பிற்பாடு சேர்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தால் அது நடக்காது.

வகைக் கட்டுப்பாட்டைத் தளர்த்தினால் என்ன ஆகும் என்பதற்கு இன்னொரு சாட்சி உண்டு. ஐபிஎம்மின் வாட்சன் கணினி 2011இல் ஜெப்பர்டி என்ற அமெரிக்கத் தொலைக்காட்சி வினாடி வினாவில் மனித வெற்றியாளர்களைத் தோற்கடித்தது. அதே போட்டியில் 'அமெரிக்க நகரங்கள்' என்ற தலைப்பில் வந்த கேள்விக்குக் கனடாவில் உள்ள டொரோண்டோ என்று பதில் சொன்னது. தலைப்பை அது ஒரு குறிப்பாக மட்டும் எடுத்துக்கொண்டது, தாண்டக்கூடாத வேலியாக எடுத்துக்கொள்ளவில்லை. சில இடங்களில் வேலி தேவை என்பதை ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி உலகத்துக்கே காட்டிவிட்டது.

களஞ்சியத்தையே பாடநூலாக்குவது

2009இல் ஸ்டான்போர்டில் ஒரு குழு வேறு வழியில் போனது. ப்ரீபேஸ் என்ற களஞ்சியத்தில் ஏற்கெனவே உள்ள இணைகளை எடுத்துக்கொண்டு, அந்த இரண்டு பெயர்களும் சேர்ந்து வரும் வாக்கியங்கள் எல்லாம் அந்த உறவைத்தான் சொல்கின்றன என்று வைத்துக்கொண்டு பயிற்சி தந்தது. ஆள் வைத்து வாக்கியங்களுக்குக் குறியிட வேண்டிய செலவே இல்லை. 102 வகை உறவுகளில் 10,000 புதிய தகவல்கள், 67.6 சதவீதத் துல்லியத்தில் கிடைத்தன.

அனுமானத்தின் ஓட்டை கண்ணுக்குத் தெரிவதுதான். ஜாப்ஸ் ஆப்பிளின் நிறுவனர் என்று களஞ்சியம் சொல்கிறது. "ஜாப்ஸ் 1985இல் ஆப்பிளை விட்டு வெளியேறினார்" என்ற வாக்கியத்திலும் இரண்டு பெயர்களும் உள்ளன. அதைப் படித்து, வெளியேறுவது நிறுவனரின் அடையாளம் என்று இயந்திரம் கற்றுக்கொள்ளும். ஆனாலும் விதை முறையைவிட இதை நான் மேலே வைப்பேன். இங்கே கற்றது திரும்பப் பாடமாவதில்லை. தவறு தவறாகவே நிற்கும், பெருகாது. எடுத்த ஒவ்வொரு தகவலுக்கும் வாக்கியமும் கையில் இருக்கும். பாடநூலுக்குத்தான் ஆயுள் உத்தரவாதம் இல்லை. கூகுள் வசம் போன ப்ரீபேஸ் 2016இல் மூடப்பட்டது.

உறவுகளை முன்கூட்டித் தீர்மானிக்காமல், வாக்கியம் என்ன சொல்கிறதோ அதை அப்படியே 'யார், என்ன செய்தார், எதை' என்று அள்ளும் வழியும் உண்டு. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் டெக்ஸ்ட்ரன்னர் 2007இல் 90 லட்சம் பக்கங்களில் இதைச் செய்தது. அறியாத ஒரு துறையின் எழுத்தில் என்னதான் இருக்கிறது என்று துழாவிப் பார்க்க நல்ல கருவி. களஞ்சியம் கட்ட உதவாது. 'பிறந்தார்', 'பிறப்பிடம்', 'அவதரித்தார்' எல்லாம் தனித்தனி உறவுகளாகக் கிடக்கும், அவற்றை ஒன்றாக்கும் வேலை முதல் வேலையைவிடப் பெரிதாகிவிடும்.

பெரிய அளவில் எல்லா வழிகளையும் ஒன்றாகச் சேர்த்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு கூகுள் 2014இல் வெளியிட்ட நாலெட்ஜ் வால்ட் ஆய்வு நல்ல சான்று. உரைநடை, பக்க அமைப்பு, அட்டவணை, மனிதர்கள் இட்ட குறிப்பு என நான்கு வாயில்கள் வழியாக 160 கோடித் தகவல்கள் வந்தன. அவற்றில் சரியாக இருக்க 90 சதவீதத்துக்கு மேல் நிகழ்தகவு பெற்றவை 27.1 கோடி. இணையத்தை முழுதாக வலைபோட்டுப் பிடிக்க வசதியுள்ள நிறுவனத்துக்கே ஏறக்குறைய ஆறில் ஒன்றுதான் தேறியது. மீதி ஐந்தை ஒதுக்கிவைக்கும் துணிவு இருந்ததே அந்த வேலையின் சிறப்பு என்பேன்.

மாதிரியின் நினைவை நம்பலாமா?

இப்போது எல்லாரும் முதலில் எட்டிப்பிடிப்பது இதைத்தான். பெருமொழி மாதிரி எல்லாவற்றையும் படித்துவிட்டதே, அதனிடமே கேட்டால் என்ன? இந்தக் கேள்வியை 2019இல் ஓர் ஆய்வு நேரடியாகவே எழுப்பியது. 'தாந்தே பிறந்த இடம்' என்று எழுதி வெற்றிடம் விட்டால், தனிப் பயிற்சி எதுவும் இல்லாமலே மாதிரி அதை நிரப்பியது. சில வகைத் தகவல்களில் பழைய பிரித்தெடுப்பு முறைகளோடு போட்டி போடும் அளவுக்கு இருந்தது. உறவுகளை வரையறுக்க வேண்டாம், குறியிட வேண்டாம், எந்த மொழி நடையிலும் கேட்கலாம். கவர்ச்சி புரிகிறது.

அடுத்த ஆண்டே வேறு சிலர் எதிர்மறையைக் கொடுத்துப் பார்த்தார்கள். பறவைகளால் என்ன முடியும் என்று கேட்டால் 'பறக்க' என்றது. பறவைகளால் என்ன முடியாது என்று கேட்டாலும் 'பறக்க' என்றே சொன்னது. 2023இல் வெளிவந்த இன்னொரு ஆய்வு, 'அ என்பவர் ஆ' என்று படித்த மாதிரிக்கு 'ஆ என்பவர் யார்' என்று திருப்பிக் கேட்டால் தடுமாற்றம் வருவதைக் காட்டியது. புகழ்பெற்ற நடிகரின் தாய் யார் என்றால் பெயரைச் சொல்லும். அந்தத் தாயின் பெயரைச் சொல்லி மகன் யார் என்றால் விழிக்கும். அட்டவணையில் ஒரு வரியாக எழுதி வைத்த எந்தத் தகவலுக்கும் இந்தக் கோளாறு கிடையாது. புதிய மாதிரிகள் இவற்றில் தேறி வருகின்றன என்பது உண்மை. ஆனால் என் ஆட்சேபம் தேர்ச்சி பற்றியது அல்ல.

மாதிரி ஒரு தவறான தகவலைச் சொன்னால், அதை எங்கே படித்தாய் என்று கேட்டுப் பயன் இல்லை. அது சொல்லும் மூலமும் ஊகமாகவே இருக்கலாம். தகவல் கோடிக்கணக்கான எண்களில் கரைந்து கிடக்கிறது. ஒரு தகவலை மட்டும் மாற்றும், அறுவை சிகிச்சை போன்ற முறைகளும் வந்தன. 2022இல் வெளியான ரோம் என்ற முறை, ஈபிள் கோபுரம் ரோம் நகரில் இருப்பதாக ஒரு மாதிரியை நம்பவைத்துக் காட்டியது. ஆனால் ஒன்றை மாற்றினால் அதைச் சார்ந்தவையும் மாற வேண்டும் அல்லவா? அவை ஒழுங்காக மாறுவதில்லை என்று அடுத்தடுத்த ஆய்வுகள் சொல்லின. தவறை எடுக்கும் வசதி என்ற அளவுகோலில் இந்த வழிக்குத்தான் கடைசி இடம். துறையை அறிமுகம் செய்துகொள்ளவும், எந்த உறவுகளைத் தேடலாம் என்று பட்டியல் போடவும் மாதிரியின் நினைவைப் பயன்படுத்துங்கள். அதையே களஞ்சியம் என்று வைத்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி வரும்போது பொருத்தமான பத்திகளைத் தேடி எடுத்து, அவற்றை மாதிரியின் முன் வைத்துப் பதில் சொல்லச் செய்யும் முறை 2020 முதல் பரவியது. இது என் கேள்விகளுக்கு நல்ல பதில் சொல்கிறது. பதிலுக்குப் பின்னால் பத்தி இருக்கிறது, பக்கத்தை நீக்கினால் தகவலும் போய்விடும், சுழற்சியே இல்லாததால் தவறு பெருகாது. இதன் வரம்பு வேறு இடத்தில் இருக்கிறது. "இந்தப் பொருளுக்குப் பக்கவிளைவு என்ன" என்றால் நாலு பத்திகள் போதும். "இந்தப் பக்கவிளைவு உள்ள எல்லாப் பொருள்களும் எவை, எத்தனை" என்றால் நாலு பத்தி என்ன செய்யும்? எண்ணவும் வரிசைப்படுத்தவும் ஒன்றோடொன்று இணைத்துப் பார்க்கவும் கட்டம் போட்ட களஞ்சியம் வேண்டும். மேலும் இரண்டு பக்கங்கள் முரண்பட்டால், நேற்று எதை ஏற்றோம் என்ற நினைவு இல்லாமல் ஒவ்வொரு முறையும் புதிதாகத் தீர்ப்பு எழுதப்படுகிறது.

வாசகராக மட்டும் மாதிரி

ஆகவே பெரும்பாலானவர்களுக்கு நான் சொல்வது, மாதிரியை வாசகராக வைத்துக்கொண்டு, நினைவை வெளியே ஒரு சாதாரணத் தரவுத்தளத்தில் வைப்பது. பக்கத்தைக் கொடுக்கிறீர்கள், அது தகவல்களைக் கட்டம் போட்டுத் தருகிறது. ஒவ்வொரு தகவலோடும் அதற்கு ஆதாரமான வாக்கியத்தையும் எழுத்துக்கு எழுத்து நகலெடுத்துத் தர வேண்டும் என்பது முதல் நிபந்தனை. அந்த வாக்கியம் பக்கத்தில் உண்மையிலேயே இருக்கிறதா என்று ஒரு சிறு நிரல் ஒப்பிட்டுப் பார்க்கும், இல்லாவிட்டால் தகவலைத் தூக்கி எறியும். மாதிரியின் சொல்லை நம்பாமல் எழுத்தோடு எழுத்து ஒப்பிடுவதில்தான் இதன் பலம். பிறகு நெல் கற்றுத்தந்த வகைக் கட்டுப்பாடுகளை வேலியாக நிறுத்தலாம்.

இங்கேயும் ஒரு நுட்பமான ஆபத்து உண்டு. மாதிரி பக்கத்தைப் படிக்கிறதா, தன் நினைவிலிருந்து எழுதுகிறதா என்று வெளியிலிருந்து தெரியாது. பக்கத்தில் பிறந்த ஆண்டே இல்லை, ஆனால் கட்டத்தில் ஆண்டு நிரம்பி வரும். சரியான ஆண்டாகவே இருக்கலாம், அதுதான் வம்பு. இதைச் சோதிக்க எளிய வழி, பொய்ப் பக்கங்களைப் படிக்கக் கொடுப்பது. ஈபிள் கோபுரம் ரோமில் நிற்பதாக ஒரு பத்தி எழுதுங்கள். வாசகர் 'ரோம்' என்று எடுத்துத் தந்தால் படிக்கிறது. 'பாரிஸ்' என்று திருத்தித் தந்தால், உங்கள் களஞ்சியத்தில் உங்கள் பக்கங்களில் இல்லாத தகவல்கள் கலந்துகொண்டிருக்கின்றன.

செலவு இதன் பெரிய குறை. கோடிக்கணக்கான பக்கங்களைப் பெரிய மாதிரி வழியே அனுப்புவது எல்லாருக்கும் கட்டுப்படியாகாது. அங்கே 1992இன் பழைய விதிகள் மறுபடி வேலைக்கு வருகின்றன. மலிவான சொற்றொடர் அமைப்புகளைச் சல்லடையாக்கி, தகவல் இருக்க வாய்ப்புள்ள பத்திகளை மட்டும் பெரிய மாதிரிக்கு அனுப்பலாம். அல்லது பெரிய மாதிரி சில ஆயிரம் பக்கங்களில் எடுத்தவற்றைக் கொண்டு சிறிய மாதிரி ஒன்றுக்குப் பயிற்சி தந்து, மீதியை அதனிடம் ஒப்படைக்கலாம்.

எந்த வழியில் போனாலும் காத்திருக்கும் மூன்று வேலைகள் உண்டு. தேர்வில் இவற்றுக்கும் பங்கு இருக்கிறது.

முதலாவது பெயர்க் குழப்பம். 'வெள்ளி' என்று வந்தால் அது கோளா, கிழமையா, உலோகமா? சொல்லையே அடையாளமாக வைத்தால் குக்கீ கதைதான். ஒவ்வொன்றுக்கும் தனி எண் தர வேண்டும், விக்கித்தரவின் எண்களையே கடன் வாங்கிக்கொள்வது நல்லது.

இரண்டாவது காலம். புளூட்டோ ஒரு கோள் என்று சொல்லும் பக்கங்கள் இணையத்தில் நிறைய இருக்கின்றன, அவை எழுதப்பட்டபோது அது சரி. 2006 ஆகஸ்டில் பன்னாட்டு வானியல் ஒன்றியம் வரையறையை மாற்றியது. கஜகஸ்தானின் தலைநகரம் 1998 முதல் அஸ்தானா, 2019இல் நூர்சுல்தான், 2022இல் மீண்டும் அஸ்தானா. பெரும்பான்மை வாக்கெடுப்பால் இதைத் தீர்க்க முடியாது. பக்கம் எழுதப்பட்ட தேதியும், தகவல் செல்லுபடியாகும் காலவரம்பும் தகவலோடு சேர்ந்து நிற்க வேண்டும். சுழற்சி முறைகள் இதில் மிக மோசம், தேடிப் படிக்கும் முறை ஓரளவு தப்பும்.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பயம் தருவது. பல இடங்களில் வந்தால் உண்மை என்ற நம்பிக்கையின் மேல்தான் இந்தத் துறையில் பாதி கட்டப்பட்டிருக்கிறது. 2008இல் ஒருவர் விக்கிப்பீடியாவில் கோட்டி என்ற தென் அமெரிக்க விலங்கின் பக்கத்தில், அதற்கு 'பிரேசிலிய ஆர்ட்வார்க்' என்று இன்னொரு பெயரும் உண்டு என்று விளையாட்டாகச் சேர்த்தார். நாளிதழ்களும் புத்தகங்களும் அந்தப் பெயரை எடுத்தாண்டன. பிறகு அவற்றில் ஒன்றையே விக்கிப்பீடியா ஆதாரமாகக் காட்டியது. இப்படிப்பட்ட இடத்தில் பத்து சாட்சிகளை எண்ணும் இயந்திரம் ஒரே சாட்சியைப் பத்து முறை எண்ணுகிறது. இதற்கு ஆதார வாக்கியங்களைச் சேமித்திருந்தால் மட்டுமே மருந்து உண்டு. ஒரே சொல்நடையில் திரும்பத் திரும்ப வருபவற்றைச் சேர்த்து ஒன்றாக எண்ணலாம், எது முதலில் எழுதப்பட்டது என்று தேதியை வைத்துப் பார்க்கலாம். இப்போது மாதிரிகள் எழுதிய பக்கங்களும் இணையத்தில் கலந்துவிட்டதால் இந்த வேலை கூடுமே தவிர குறையாது.

இனி யாருக்கு எது. வகைகள் குறைவு, வாக்கிய நடை கிட்டத்தட்ட ஒன்று, தவறே கூடாது என்றால் கையால் எழுதிய விதிகள். வானிலை அறிக்கை, சட்ட அறிவிப்பு போன்ற எழுத்துகளில் இன்றும் அவை பெரிய மாதிரிகளுக்குச் சளைத்தவை அல்ல, செலவும் இல்லை. உங்கள் துறையில் ஏற்கெனவே பெரிய களஞ்சியம் இருந்து அதை நீட்டிக்க மட்டும் வேண்டுமென்றால், அதைப் பாடநூலாக்கிச் சிறிய மாதிரி ஒன்றைப் பயிற்றுவிப்பது சிக்கனம். கேள்விகள் எப்படி வரும் என்றே தெரியாது, எண்ணிப் பார்க்கும் கேள்விகள் அரிது என்றால், தேடிப் படிக்கும் முறையோடு நிறுத்திக்கொள்ளுங்கள், களஞ்சியம் கட்ட வேண்டாம். பட்டியலும் எண்ணிக்கையும் தேவைப்பட்டால் மாதிரியை வாசகராக்கி, ஆதார வாக்கியத்தோடு தரவுத்தளத்தில் எழுதுவது. தானே கற்றுத் தானே வளரும் சுழற்சியை, வாராவாரம் உட்கார்ந்து பார்க்க ஒரு மனிதர் நிச்சயமாக இருக்கிறார் என்றால் மட்டும்.

உயிரோடு இருக்கும் மனிதர்களைப் பற்றிய தகவல்களைத் தொடுவதானால் தேர்வு இன்னும் சுருங்கிவிடும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 மே முதல் நடைமுறையில் உள்ள தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறை, குறிப்பிட்ட சூழல்களில் தன்னைப் பற்றிய தரவை நீக்கக் கோரும் உரிமையைத் தருகிறது. தரவுத்தளத்தில் வரி வரியாக இருப்பதை அன்றைக்கே நீக்கலாம். தேடிப் படிக்கும் முறையில் பக்கத்தை எடுத்தால் போதும். அதே தகவல்களைக் கொண்டு மாதிரி ஒன்றைப் பயிற்றுவித்திருந்தால், நீக்கிவிட்டோம் என்று கையெழுத்துப் போட யாராலும் முடியாது. எனவே இந்த வகைத் தகவல்களில் மாதிரிக்குப் பயிற்சி தரும் எந்த வழியையும், அது எவ்வளவு மலிவாக இருந்தாலும், பட்டியலிலிருந்து முதலிலேயே அடித்துவிடுங்கள்.